பழுது பார்க்கும் பக்கம்: வளைந்த பிராசசர் பின்கள்

போன இதழில் தெர்மல் பேஸ்ட், அதாவது பிராசசருக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் பசை, மாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் பழைய பெட்டியைத் திறந்தார்களோ, வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்: "அக்கா, பின் வளைந்துவிட்டது." அதனால் இந்த முறை முழுக்கப் பிராசசர் பின்கள்தான், பிராசசரின் அடியில் ஊசி ஊசியாக நிற்கும் கம்பிகள். பிரிண்டர், வைஃபை கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது 2007இல் வாங்கிய கம்ப்யூட்டர். ஏஎம்டி அத்லான் 64 எக்ஸ்2. ஹீட்சிங்கை இழுத்தபோது பிராசசரும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது, லீவர் பூட்டியே இருந்தும்! ஓரத்தில் எட்டுப் பத்து பின்கள் சாய்ந்திருக்கின்றன. ஒன்று படுத்தே விட்டது. கடையில் "தூக்கிப் போடுங்க" என்கிறார்கள். நிமிர்த்த முடியுமா? (வாசகர், ஈரோடு)

முடியும். தூக்கிப் போட வேண்டாம். அந்தக் கடைக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு அவர் கேட்கும் கூலியை விடக் குறைவாக அதே பிராசசர் செகண்ட்ஹேண்டில் கிடைத்துவிடும். அவர் கணக்கு அது. உங்களுக்கு அவசரம் இல்லை என்றால் உங்கள் கணக்கு வேறு.

லீவர் பூட்டியிருந்தும் எப்படி வந்தது? மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட், இந்த வகையை ஜிஃப் என்பார்கள். பிராசசரை உள்ளே வைக்க விசையே தேவையில்லை, தானாக இறங்கும். லீவரைச் சாய்த்ததும் உள்ளே இருக்கும் கவ்விகள் ஒவ்வொரு பின்னையும் பக்கவாட்டில் தொட்டுப் பிடிக்கும். மின்சாரம் கடக்கப் போதுமான பிடிதான் அது, மேலே இழுத்தால் தாங்குகிற பிடி அல்ல. பத்துப் பதினைந்து வருடம் காய்ந்த பேஸ்ட் அதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். இரண்டுக்கும் போட்டி வந்தால் பேஸ்ட்தான் ஜெயிக்கும். நேராக மேலே வந்தால்கூடத் தப்பித்துவிடலாம். கை ஒரு பக்கம் சாய்கிறதே, அதில்தான் ஓரத்துப் பின்கள் வளைகின்றன. அடுத்த முறை கழற்றும் முன் கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் கிளிப்பை எடுத்துவிட்டு ஹீட்சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுத்தது கையில் தெரியும். அதன் பிறகு தூக்குங்கள்.

இப்போது வளைந்ததற்கு வருவோம். கை வைக்கும் முன் பார்க்க வேண்டும். பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. பிராசசரைப் பின்கள் மேலே இருக்கும்படி மேஜையில் வைத்து, டார்ச்சைப் படுக்கவைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். கண்ணைப் பின்களின் உயரத்துக்குக் கொண்டுவந்து வரிசை வரிசையாக நோக்குங்கள். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை. ஒரு பக்கம் பார்க்கையில் நேராக நிற்கிற பின் மறுபக்கம் பார்த்தால் சாய்ந்திருக்கும். உங்களுடையதில் 940 பின்கள். எல்லாவற்றையும் மனதில் வைக்க முடியாது, போனில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கி, எது எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். கட்டர் கைக்கு அகப்படாத நேரத்தில் கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் நெளித்தே துண்டாக்கிவிடுவார். பின்னும் அதே ஜாதி. வளைந்த இடத்தில் உலோகம் இறுகிப்போகிறது. நிமிர்த்தும்போது இன்னும் இறுகுகிறது. முதல் தடவை நிமிர்வதைப் பெரும்பாலான பின்கள் தாங்கும். தவறான பக்கம் தள்ளிவிட்டு "ஐயோ, இந்தப் பக்கம் இல்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தால், அந்தப் பின்னுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பை நீங்கள் செலவழித்துவிட்டீர்கள்.

கொஞ்சமாகச் சாய்ந்தவற்றை முதலில் எடுங்கள், படுத்ததைக் கடைசிக்கு வையுங்கள். பக்கத்துப் பின்கள் நேராக இருந்தால்தான் அதனிடம் போக வழி இருக்கும். சாய்ந்தவற்றுக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். உங்கள் சாக்கெட்டில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்ததின் மையம் 1.27 மில்லிமீட்டர். பின்னின் தடிமன் சுமார் 0.3. இடைவெளியாக மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு துளி குறைவு. கார்டின் தடிமன் 0.76. அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். நேராக இருக்கிற பக்கத்திலிருந்து வரிசைக்குள் நுழைத்து, சாய்ந்த பின் வந்ததும் அதற்கு எதிர்த்திசையில் மெல்லச் சாய்த்துத் தள்ளுங்கள். நீளவாக்கில் முடித்துவிட்டுக் குறுக்குவாக்கிலும் ஒரு தடவை.

படுத்ததற்கு மைக்ரோ டிப் பென்சில். 0.5 வாங்குங்கள், நுனியில் உலோகக் குழாய் இருக்கிற வகை, பிளாஸ்டிக் நுனி உதவாது. லெட்டை முழுக்க எடுத்துவிடுங்கள். கரித்தூள் மின்சாரம் கடத்தும், பின்களுக்கு நடுவே உதிர வேண்டாம். படுத்த பின்னின் நுனிக்கு அடியில் பிளேடின் மூலையை விட்டு, குழாய் நுழைகிற அளவுக்கு மட்டும் எழுப்புங்கள். அப்புறம் குழாயை அதன் மேல் மாட்டி, வளைவு ஆரம்பிக்கிற இடம் வரை இறக்கி, பென்சிலை நெம்புகோலாக்கி நிமிர்த்துங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், ஆனால் திசை மாறவும் கூடாது. பாதி வந்ததும் நிறுத்தி, கண் மட்டத்தில் பார்த்து, மீதியைத் தொடருங்கள். கையை எடுத்ததும் பின் ஒரு துளி திரும்பிச் சாயும், அது உலோகத்தின் குணம். அதற்காக நேர்கோட்டைக் கொஞ்சம் தாண்டித் தள்ள வேண்டியிருக்கும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்.

முழுக்க அழகாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சாக்கெட் ஓட்டைக்குள் இறங்கினால் போதும். லீவரை முழுக்கத் தூக்கி, மூலையில் இருக்கும் தங்க நிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வையுங்கள். சொந்த எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வெளியே எடுத்து எந்தப் பின் என்று மறுபடி பாருங்கள். விரலால் அழுத்தி இறக்கிய பிராசசர்கள்தான் என்னிடம் மோசமான நிலையில் வருகின்றன. பத்து பின் கேஸாக இருந்தது நாற்பது பின் கேஸாக வரும்.

கேள்வி: ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பின் இளகி, உடையாமல் நிமிரும் என்று நண்பர் சொல்கிறார். சரியா? (வாசகி, நாகர்கோவில்)

இல்லை. பழைய பீங்கான் பிராசசர்களின் பின்கள் கோவார் என்ற கலவையில் செய்தவை: இரும்பு, நிக்கல், கோபால்ட். பீங்கான் சூட்டில் எவ்வளவு விரிகிறதோ ஏறக்குறைய அதே அளவு இதுவும் விரியும், அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். மேலே தங்கப் பூச்சு. ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள், ஒட்டும். (இந்தக் காரணத்தால் காந்தம் ஏறிய ட்வீசரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், எரிச்சலாக இருக்கும்.) இறுகிப்போன கோவாரை இளக்க நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் உலையில் வைக்க வேண்டும். ஹேர் டிரையரால் ஆகாது.

சரி, இன்னும் சூடாக, சால்டரிங் அயர்ன் வைத்தால்? பீங்கான் அல்லாத புது வகைகளில் பின்கள் போர்டு மாதிரியான அடித்தட்டில் சால்டர் பற்றால் ஒட்டியவை. ஈயம் கலந்த பற்று 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதது 217 வாக்கில். பின் இளகுவதற்கு வெகு முன்பே அடியோடு கழன்று வந்துவிடும், பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு.

ஹேர் டிரையருக்கு இந்த வேலையில் ஒரு இடம் உண்டு. பிராசசர் ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டால், பேஸ்ட்டை இளக்க இரண்டு நிமிடம் காட்டலாம். பிறகு பிராசசரின் ஓரங்களை மட்டும் பிடித்துப் பக்கவாட்டில் திருகி எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பக் கூடாது.

கேள்வி: அக்கா, நான் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். செகண்ட்ஹேண்டில் ரைசன் 5 வாங்கினேன். நான்கு பின்கள் சாய்ந்திருக்கின்றன. ஏடிஎம் கார்டு உள்ளேயே நுழையவில்லை. நான் தப்பாகச் செய்கிறேனா? (மாணவர், திருச்சி)

நீ தப்பு எதுவும் செய்யவில்லை கண்ணு, கார்டுதான் தடிமன். உன் ரைசன் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் 1331 பின்களை அடைத்திருக்கிறார்கள். மையத்துக்கு மையம் 1 மில்லிமீட்டர்தான். நடுவில் கிடைப்பது சுமார் 0.7. கார்டு 0.76. நல்லவேளை நீ அழுத்தவில்லை.

விசிட்டிங் கார்டு நுழையும், ஆனால் வளைந்து கொடுத்துவிடும். டூவீலர் மெக்கானிக்கிடம் டேப்பெட் வைக்கும் ஃபில்லர் கேஜ் இருக்கும், பல தடிமனில் எஃகு இலைகள் கொண்ட கட்டு. 0.5 மில்லிமீட்டர் இலையைக் கேட்டு வாங்கி, எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு உபயோகி. அப்பாவின் பட்டறையிலிருந்து எனக்கு வந்த ஒரே சீதனம் அப்படி ஒரு கட்டுதான், இன்னமும் மேஜையில் இருக்கிறது.

தனித்தனிப் பின்னுக்கு ஊசி நல்லது. மெடிக்கல் ஷாப்பில் 22 நம்பர் ஊசி கேள், அடிப்பகுதி கறுப்பாக இருக்கும். உள்விட்டம் 0.41, வெளிவிட்டம் 0.72. பின் மேல் சரியாக உட்காரும், பக்கத்துப் பின்னையும் இடிக்காது. நீல அடி கொண்ட 23 நம்பர் உள்ளே 0.34 தான், மாட்டும்போது சிக்கிக்கொள்ளலாம். பச்சை அடி 21 நம்பர் நுழையும், ஆனால் ஆட்டம் இருக்கும். முக்கியமாக, ஊசியின் கூர் முனையைச் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்துவிடு. சாய்வெட்டு முனையோடு மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும், அடித்தட்டையும் கீறும். உன் விரலுக்கும் நல்லது.

இன்னொன்று: செகண்ட்ஹேண்டில் வாங்குகையில் மேல் பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதே. பின் பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படம் கேள். "ஒர்க்கிங் கண்டிஷன்" என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தைத் தர மறுக்கிறவரிடம் வாங்காதே.

கேள்வி: பென்டியம் 4, சாக்கெட் 478. நிமிர்த்தும்போது ஒரு பின் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதானா? (வாசகர், புதுச்சேரி)

எந்தப் பின் என்பதைப் பொறுத்தது. 478இல் ஏறக்குறைய பாதி, மின்சாரம் கொண்டுவருபவையும் அது திரும்பிப் போகும் கிரவுண்டும். ஒரே வேலையைப் பல பின்கள் பகிர்ந்து செய்கின்றன. அதில் ஒன்று போனால் மற்றவை சுமையை எடுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காதது போல ஓடும். சில பின்கள் எதற்குமே இணைக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டவை. உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் அது.

அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். இன்டெல் இந்தப் பிராசசருக்கு வெளியிட்ட டேட்டாஷீட், அதாவது தொழில்நுட்ப விவரக் குறிப்பு, பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. அதில் பின் வரைபடம் இருக்கும். ஒரு பக்கம் 1 முதல் 26 வரை எண்கள், இன்னொரு பக்கம் எழுத்துகள். எழுத்துகளை எண்ணும்போது கவனம்: ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆறும் கிடையாது. எண்ணோடும் ஒன்றோடொன்றும் குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். ஏ-யில் ஆரம்பித்து ஒய் வரை இருபது, அப்புறம் ஏஏ முதல் ஏஎஃப் வரை ஆறு. ஆக 26.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. அந்த வரைபடம் பிராசசரை மேலிருந்து பார்ப்பது போல வரைந்தது. நீங்களோ கவிழ்த்துப்போட்டுப் பின் பக்கத்தைப் பார்க்கிறீர்கள். இடம் வலமாகிவிடும். முக்கோணக் குறியையும், பின் இல்லாத மூலையையும் அடையாளமாக வைத்துக்கொண்டு, வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்துத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியாக வந்துவிடும்.

கிரவுண்டோ மின்சாரமோ என்றால் அப்படியே மாட்டி ஓட்டுங்கள். டேட்டா, அட்ரஸ் போன்ற சிக்னல் பின் என்றால், அது இல்லாமல் திரையே வராது. அப்போது ஒரு தந்திரம்: செத்த பிராசசர் ஒன்றிலிருந்து ஒரு பின்னை எடுத்து, மதர்போர்டு சாக்கெட்டில் அந்த ஓட்டைக்குள் ட்வீசரால் நிற்கவையுங்கள். மேலே பிராசசரை இறக்கினால், ஒடிந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் உலோகத்தை அது தொடும். லீவர் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அடிப்பகுதி பெயர்ந்து வெறும் தட்டு மட்டும் தெரிகிறது என்றால் இது நிற்காது, நுண்ணோக்கியின் கீழ் பற்றவைக்க வேண்டும். பென்டியம் 4க்கு அந்தச் செலவு செய்வேனா? மாட்டேன். அதில்தான் ஓடும் என்கிற பழைய மெஷின் ஏதாவது உங்கள் பட்டறையில் இருந்தால் மட்டும் யோசிப்பேன்.

கேள்வி: அப்பா வேலை பார்த்த அச்சகத்தில் கழித்துக் கட்டியபோது ஒரு 486 டிஎக்ஸ்2-66 கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிராசசரைக் கழற்றி வைத்திருந்த இடத்தில் பின்கள் சில வளைந்துள்ளன. மறுபடி ஓடவைக்க ஆசை. பழைய சாமான்காரர் தங்கத்துக்காகக் கேட்கிறார். (வாசகர், மதுரை)

கொடுக்காதீர்கள். 1992இல் வந்த பிராசசர் அது, வளைந்த பின்னை நிமிர்த்திப் பழக இதைவிட நல்ல ஜாதி இல்லை. 168 பின்கள்தான், 2.54 மில்லிமீட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடிமன். பீங்கானில் வெள்ளிப் பற்றால் பொருத்தியவை, அடி பெயராது. 0.7 மைக்ரோ டிப் பென்சில் தாராளமாக மாட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டால் லென்ஸ்கூட வேண்டாம்.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம். முதலாவது, 486 போர்டுகளில் பல லீவர் இல்லாத சாக்கெட் கொண்டவை. அங்கே அழுத்தித்தான் இறக்க வேண்டும், நெம்பித்தான் எடுக்க வேண்டும். ஒரே பக்கம் ஸ்க்ரூடிரைவர் விட்டுத் தூக்கினால் எதிர்ப்பக்கத்து வரிசை முழுக்கச் சாய்ந்துவிடும். ஒரு பக்கம் தாள் தடிமனுக்கு எழுப்பி, அடுத்த பக்கம் போய், அப்படியே நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். உங்கள் போர்டில் லீவர் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். 486இன் பின்கள் 17க்கு 17 சதுரத்தில் மூன்று வரிசை, நாலு பக்கமும் ஒன்றுபோல. நடு 11க்கு 11 காலி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 289இல் 121 போக 168. ஒரு ஓட்டைகூட அடையாளத்துக்கு விடவில்லை! அதாவது நான்கு விதமாகத் திருப்பி வைத்தாலும் உள்ளே போய்விடும். ஒன்றுதான் சரி. தவறாக வைத்துக் கரண்ட் கொடுத்தால் பிராசசர் போய்விடும், நிமிர்த்திய பாடு வீண். பீங்கானின் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். சாக்கெட்டிலோ போர்டிலோ அதற்கு இணையான குறி இருக்கும். 237 ஓட்டை கொண்ட பெரிய சாக்கெட் என்றால் வெளி வரிசை நாலு பக்கமும் காலியாக இருக்கும்படி நடுவில் உட்கார வேண்டும்.

வைத்திருந்த இடத்தில் வளைந்தது என்கிறீர்கள். தெர்மோகோலில் குத்தி வைத்திருந்தீர்களா? நம் ஊரில் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். தெர்மோகோல் உரசினால் நிலைமின்சாரம் ஏறும். ஐசி கடைகளில் கறுப்பு ஸ்பாஞ்ச் கிடைக்கும், மின்சாரத்தைக் கடத்திவிடும் வகை. அதில் குத்தி வையுங்கள்.

தங்கம் இருப்பது உண்மைதான். பின்னிலும் உள்ளேயும் பூச்சாக இருக்கிறது. பழைய சாமான் சந்தையில் பீங்கான் பிராசசர்களுக்கு, அதிலும் 1995இல் வந்த பென்டியம் ப்ரோவுக்கு, தனி மரியாதை. ஆனால் அதை எடுப்பது சந்துகளில் ஆசிட் தொட்டிகளில் நடக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் கூலியாட்கள், கழிவு போவது சாக்கடைக்கு. உங்கள் ஒரு பிராசசருக்கு அவர் தரும் காசில் நல்ல மதியச் சாப்பாடு வரும், அவ்வளவுதான்.

கேள்வி: ஃபீனம் 2 பிராசசரில் இரண்டு பின்களை உங்கள் முறையில் நிமிர்த்தினேன். ஓடுகிறது! ஆனால் 8 ஜிபி ரேமில் 4 மட்டும்தான் தெரிகிறது. (வாசகர், சேலம்)

முதலில் எங்கே பார்த்தீர்கள்? விண்டோஸில் என்றால் அது 32 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் உபயோகிக்காது, நீங்கள் பின்னைத் தொட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விண்டோஸ் வரும் முன் திறக்கிற மதர்போர்டின் அமைப்புத் திரையில், அதாவது பயாஸில், 8 தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

பயாஸிலும் 4 என்றால் ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு குச்சியும் ஒரு ஸ்லாட்டில் ஓடி, இன்னொரு ஸ்லாட்டில் எதுவுமே ஓடவில்லை என்றால் சந்தேகம் பின் மேல் போகிறது. ஏஎம்டி 2003இல் அத்லான் 64 கொண்டுவந்தபோதே ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதியைப் பிராசசருக்குள் வைத்துவிட்டது. ரேமிலிருந்து வரும் கம்பிகள் நேராகப் பிராசசர் பின்களுக்குத்தான் போகின்றன. ஒரு பின் தொடாவிட்டால் பாதி ரேம் காணாமல் போவது வழக்கமான அறிகுறி. நிமிர்த்திய பின்களில் ஒன்று குட்டையாக நிற்கிறதா, நுனி இன்னும் வளைந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அழுக்கு, பேஸ்ட் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான டூத் பிரஷ்ஷை நனைத்து, பின்கள் நிற்கிற திசையில், அடியிலிருந்து நுனிக்கு, துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் இன்டெல் பிராசசரில் பின்னே இல்லை, சாக்கெட்டில்தான் இருக்கிறது. அதற்கும் பென்சில் சரிப்படுமா? (வாசகி, சென்னை)

வேண்டவே வேண்டாம். 2004இல் 775 சாக்கெட் வந்ததிலிருந்து இன்டெல் டெஸ்க்டாப்களில் பின்கள் மதர்போர்டுக்குப் போய்விட்டன. ஏஎம்டியும் 2022இல் ஏஎம்5 சாக்கெட்டில் அந்தப் பக்கம் மாறிவிட்டது. அவை கம்பிகள் அல்ல, சாய்வாக நிற்கும் வில்தகடுகள். சாய்ந்திருப்பதுதான் சரியான நிலை, நிமிர்த்தினால் கெடும். எல்லா நுனிகளும் ஒரே திசையில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். போர்டைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால் நுனிகள் சேர்ந்து மின்னும், மாறி மின்னுகிற இடம்தான் வளைந்த இடம். மெல்லிய கூர் ட்வீசரால், பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே, பக்கத்து நுனியின் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழகிய கை இல்லையென்றால் கொடுத்துச் செய்யுங்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் தொலைக்காமல் வைத்திருங்கள், பிராசசர் இல்லாத நேரமெல்லாம் அது மேலே இருக்கட்டும்.

கேள்வி: மகனுடைய பிராசசரைச் சரிசெய்யக் கொடுக்கலாம் என்று பார்த்தால், "உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். எல்லா இடத்திலும் இப்படித்தானா? நாங்கள் இருப்பது தஞ்சாவூர். வெளியூருக்கு அனுப்பவும் தயார். (வாசகி, தஞ்சாவூர்)

நானும் அதைத்தான் சொல்வேன் அம்மா. உங்கள் கைக்கு வரும் முன் அந்தப் பின்னை வேறு யாராவது எத்தனை தடவை நெளித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. முன்பே ஒரு முறை நிமிர்த்தியது என்றால் நான் தொட்டதும் ஒடியலாம். பொறுப்பேற்கிறேன் என்று சத்தியம் செய்பவரை விட, பொறுப்பில்லை என்று முதலிலேயே சொல்பவரிடம் கொடுங்கள். ஆனால் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை பின் வளைந்திருக்கிறது என்று உங்கள் முன்னால் எண்ணிச் சொல்கிறாரா, எதை வைத்து நிமிர்த்துவார், பெரிதாக்கிப் பார்க்க அவரிடம் என்ன இருக்கிறது. வெறும் கண்ணும் குறடும் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கொடுக்கும் முன் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரு தரப்புக்கும் நல்லது.

கூரியரில் அனுப்புவதானால், புதுப் பிராசசர்கள் வரும் ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, கிளாம்ஷெல் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதற்குள் வையுங்கள். பின் பக்கம் எதிலும் அழுந்தக் கூடாது. பஞ்சு வைக்காதீர்கள், நார் பின்களில் சிக்கி எடுக்கும்போது இழுக்கும். டப்பாவை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் செய்தித்தாளைக் கசக்கி அடைத்தால் போதும். வேலை முடிந்து திரும்பி வரும்போது மதர்போர்டும் அவரிடமே இருந்தால், சாக்கெட்டில் பூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். ஹீட்சிங்கை மட்டும் தனியாக. கனமான ஹீட்சிங்கோடு லாரியில் குலுங்கி வந்தால், அது போர்டிலிருந்து பெயரும்போது பிராசசரையும் பிடித்து இழுத்துவிடும்.